வக்கீல் எதுக்குத் தமிழ்ல சட்டம் எழுதணும்? எழுதினா எங்கெல்லாம் வழுக்கும்?

தம்புசெட்டி_ஜூனியர் | திங்கள், இரவு 9.10

என்ரோல் ஆகி ரெண்டு மூணு வருஷமே ஆன ஜூனியர்கள் பலர் பொதுமக்களுக்காகத் தமிழ்ல சட்டக் குறிப்பு எழுதறாங்க. எதுக்குன்னு கேட்டா மூணு தினுசா பதில் வருது. நாலு பேருக்குப் பேர் தெரியும், எழுதினா சட்டம் மனசுல நிக்கும், ஜனங்களுக்கு உபயோகம். மூணும் சரிதான்னு தலையாட்டிட்டுப் போகலாம். ஆனா எதுக்காக எழுதறோமோ அதை வெச்சுத்தானே என்ன எழுதறோம்கிறதும் மாறும்? பார் கவுன்சில் விதி எதுவரைக்கும் விடும், எந்த மாதிரி குறிப்பு நிஜமாவே உதவும், எங்கே கை சுடும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. சுயசரிதை வேண்டாம், விஷயம் போதும்.

ஒரிஜினல்_சைட் | திங்கள், இரவு 9.42

முதலில் விதியை முழுசாகப் படித்துவிடுவோம். பாதிப் பேர் கேள்விப்பட்டதை வைத்தே பேசுகிறார்கள்.

இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-ஆவது விதி. வக்கீல் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது. சுற்றறிக்கை, தரகர், தனிப்பட்ட தொடர்பு எல்லாமே தடை. பலர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு: தான் ஆஜராகும் வழக்கு சம்பந்தமாகப் பத்திரிகையில் கருத்து தருவதும், தரும்படி தூண்டுவதும், படம் வெளியிடுவதும் அதே தடைக்குள்தான் வருகின்றன. தீர்ப்பு வந்த சாயங்காலமே ஹைகோர்ட் ஆவின் கேட் பக்கம் கவுனோடு நின்று படம் எடுத்து "நமக்கு வெற்றி" என்று போடுவது இதில் நேராக மாட்டும்.

பெயர்ப் பலகையும் அளவோடுதான் இருக்க வேண்டும். சங்கப் பதவி, முன்னாள் நீதிபதி என்ற அடையாளம், "இன்ன வழக்கில் நிபுணர்" எதுவும் அதில் கூடாது. 2008-இல் வந்த திருத்தம் இணையத்தில் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவான தேதி, எந்த மாநில பார் கவுன்சில், எந்தச் சங்கம், படிப்பு, எந்தத் துறை வழக்குகள் நடத்துகிறார் என்பதை மட்டும் தர அனுமதித்தது. துறையைச் சொல்லலாம், ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்ல முடியாது. சின்ன வித்தியாசம்தான், புகார் என்று போனால் அதுதான் நிற்கும்.

எழுதுவதற்கு வழி எங்கே என்றால் 51-ஆவது விதி. விளம்பரத் தடைக்கும் முழுநேர வேலைத் தடைக்கும் உட்பட்டு, இதழியல், ஒலிபரப்பு, சொற்பொழிவு, கற்பித்தல் எல்லாம் செய்யலாம் என்று அது சொல்கிறது. ஆக, சட்டம் எழுதுவது குற்றமே இல்லை. எழுதிய பக்கத்தின் அடியில் "உங்கள் வழக்குக்கு உடனே அழையுங்கள்" என்று ஒரு வரி சேர்ந்தால் அதே பக்கம் 36-க்குள் போய்விடும்.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஆன்லைன் சேவைத் தளங்கள் மூலம் வேலை பிடிக்கும் வக்கீல்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வழிகாட்டுதல் தரும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டதை மறக்க வேண்டாம். 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவில் கண்டனம், இடைநீக்கம், பட்டியலிலிருந்தே பெயர் நீக்கம் என்று தண்டனை மூன்று படி.

சைதை_வாய்தா | திங்கள், இரவு 10.25

விதி சார் சொன்னபடிதான். காரணத்துக்கு வர்றேன்.

பேர் தெரியறதுக்காக எழுதறவர் பெரிய தீர்ப்பு, பரபரப்பான வழக்கு பக்கம் போவார். தன் படிப்புக்காக எழுதறவர் பிரிவு பிரிவா விளக்கவுரை எழுதுவார். ரெண்டையும் இன்னொரு வக்கீல்தான் படிப்பார். எழுதியே ஆகணும்னு ஒரு காரணம் இருந்தா அது கெடு. கட்சிக்காரர் நாள் தாண்டினப்புறம் கேஸ் கட்டைத் தூக்கிக்கிட்டு வர்றார். அப்போ எவ்வளவு பெரிய சீனியராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நாள் தாண்டறதுக்கு முன்னாடி அவர் கையில ஒரு பக்கம் கிடைச்சிருந்தா போதும்.

செக் ரிட்டர்ன் கேஸையே எடுத்துக்குங்க. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தோட 138-ஆவது பிரிவு. செக்கில் இருக்கற தேதியிலேர்ந்து 3 மாசத்துக்குள்ள பேங்க்ல போடணும். திரும்பி வந்த தகவல் பேங்க்லேர்ந்து கிடைச்ச நாளிலேர்ந்து 30 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ். நோட்டீஸ் கையில கிடைச்ச நாளிலேர்ந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதுக்குள்ள கட்டலைன்னா, அடுத்து ஒரு மாசத்துக்குள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்ல புகார்.

நாள் போட்டுப் பார்க்கலாம். செக் திரும்பினதைச் சொல்ற பேங்க் மெமோ கையில வந்தது மார்ச் 5. அந்த நாளை விட்டுட்டு எண்ணினா ஏப்ரல் 4-க்குள்ள நோட்டீஸ் அனுப்பியாகணும். ஏப்ரல் 7 அவர் கையெழுத்துப் போட்டு வாங்கறார். ஏப்ரல் 22 வரைக்கும் அவகாசம். 23-ஆம் தேதி வழக்குக்கான காரணம் பிறக்குது. மே 23-க்குள்ள புகார் தாக்கல்.

இதுல விஷயம் என்னன்னா, புகார் தாமதமானா தகுந்த காரணம் காட்டி மன்னிக்கச் சொல்லி மனு போடலாம், 142-ஆவது பிரிவுல வழி இருக்கு. நோட்டீஸ் தாமதத்துக்கு அப்படி வழி கிடையாது. செக் இன்னும் 3 மாசத்துக்குள்ள இருந்தா மறுபடி பேங்க்ல போட்டு, திரும்பி வந்ததும் புதுசா நோட்டீஸ் விடலாம். அதுவும் போச்சுன்னா சிவில்ல பண வழக்கு, 3 வருஷம். கோர்ட் ஃபீஸ் கட்டணும், வாய்தா வாய்தாவா நடக்கணும்.

கோவிந்தப்பநாயக்கன்_தெரு | செவ்வாய், காலை 8.05

வியாபாரி, வக்கீல் இல்லை. நோட்டீஸ்ல வட்டி, வக்கீல் செலவு, பேங்க் பிடிச்ச சார்ஜ் எல்லாம் சேர்த்து மொத்தமா ஒரு தொகை கேட்கலாமா சார்? இன்னொண்ணு, நோட்டீஸை வாங்காமத் திருப்பி அனுப்பிட்டா கேஸ் இல்லைன்னு மார்க்கெட்ல எல்லாரும் சொல்றாங்களே?

சைதை_வாய்தா | செவ்வாய், காலை 8.50

மொத்தமா கேட்டுடாதீங்க அண்ணாச்சி. செக் தொகையைத் தனி வரியில, செக்ல இருக்கிற அதே எண்ணுல போடணும். வட்டியும் செலவும் வேணும்னா கீழே தனியா. 2025 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் இதைக் கறாரா சொல்லிடுச்சு: நோட்டீஸ்ல கேட்ட தொகை செக் தொகையோட ஒத்துப்போகலைன்னா நோட்டீஸே செல்லாது, டைப்பிங் தப்புன்னு சொன்னாலும் எடுபடாது. டைப்பிஸ்ட் பழைய நோட்டீஸை எடுத்துப் பேரை மட்டும் மாத்தி பிரிண்ட் போடற இடத்துலதான் இந்தத் தப்பு பிறக்குது. தொகை எண்ணுல ஒரு தடவை, எழுத்துல ஒரு தடவை, செக் நகலைப் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்து.

வாங்காம விட்டா தப்பிக்கலாம்கிறது பொய். சரியான விலாசத்துக்குப் போய், வாங்க மறுத்ததா திரும்பி வந்தா, சேர்ந்ததாத்தான் கணக்கு. நிஜமாவே கிடைக்கலைன்னு சொல்றவருக்கு உச்ச நீதிமன்றம் 2007-லயே வழி சொல்லியிருக்கு. கோர்ட் சம்மன் வந்த 15 நாளுக்குள்ள பணத்தைக் கட்டிட்டுப் புகாரைத் தள்ளுபடி பண்ணச் சொல்லலாம். கட்டாம, நோட்டீஸ் வரலைன்னு மட்டும் வாதாட முடியாது.

ஒரிஜினல்_சைட் | செவ்வாய், காலை 9.15

ஒரு சேர்க்கை. பணம் பெற வேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் கிளை எந்த எல்லையில் உள்ளதோ அந்த கோர்ட்டில்தான் புகார். செக்கை வேறு கிளையில் போட்டிருந்தாலும் சொந்தக் கிளையைத்தான் பார்க்க வேண்டும். பழைய கட்டுரைகள் இன்னும் செக் கொடுத்தவரின் பேங்க் இருக்கும் ஊர் என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன. 2015 திருத்தத்துக்கு முந்தைய கதை அது.

அரைகுறை_ஆபத்து | செவ்வாய், மதியம் 1.30

இப்படி எல்லாத்தையும் எழுதி வெச்சா ஜனங்க தானே நோட்டீஸ் டைப் பண்ணி அனுப்பிடுவாங்க. அப்புறம் கெட்டுப்போன கேஸைத் தூக்கிக்கிட்டு சேம்பருக்கு வருவாங்க. அரைகுறை அறிவு ஆபத்து. எழுதாம இருக்கிறதே மேல்னு என் கட்சி.

ஃபேமிலிகோர்ட்_மாடி | செவ்வாய், மதியம் 2.20

எழுதாமல் இருந்தால் முழு அறிவு வந்துவிடுமா சார்? ஆட்டோவில் கேட்டது, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப்பில் வந்தது, பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் ஹெட்கிளார்க் சொன்னது இதெல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதோடு போட்டி போடும் அளவுக்குத் தெளிவாக எழுத முடியுமா என்பதுதான் கேள்வி.

நீங்கள் சொல்லும் ஆபத்து எங்கே நிஜம் என்று சொல்கிறேன். வாடகை அட்வான்ஸ். 2017-ஆம் வருடத்துத் தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. "மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கினால் சட்டவிரோதம்" என்று தமிழில் எழுதிய எல்லாருமே எழுதியிருக்கிறார்கள். 11-ஆவது பிரிவைத் திறந்து பாருங்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக இருந்தால் தவிர என்ற நிபந்தனையோடுதான் அந்த வாக்கியமே ஆரம்பிக்கிறது. நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டுரையை நம்பி வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகும் குடித்தனக்காரருக்கு என்ன கிடைக்கும்? அதே பிரிவில், வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கிகளைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று அடுத்த வரி இருக்கிறது. குடித்தனக்காரருக்கு உண்மையில் கைகொடுப்பது அதுதான். அதை யாரும் எழுதுவதில்லை. முதல் வரி கவர்ச்சியாக இருப்பதுதான் காரணம்.

பிரிவின் மூல வாசகத்தைப் படிக்காமல் இன்னொரு கட்டுரையைப் பார்த்துக் கட்டுரை எழுதுவதுதான் அரைகுறை. அதை நிறுத்தச் சொல்லுங்கள், நானும் உங்கள் கட்சி.

அரைகுறை_ஆபத்து | செவ்வாய், மதியம் 2.48

மேடம், அந்த முதல் வார்த்தைகளை நானும் கவனிச்சதில்லை. ஒத்துக்கறேன்.

தமிழாக்கம்_பாக்கி | செவ்வாய், மாலை 6.10

மொழி விஷயம் ஒன்று. உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில், அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவுப்படி. கீழமை நீதிமன்றங்களில் தமிழில் சாட்சியம் பதியவும் தீர்ப்பு எழுதவும் 1976-லேயே மாநிலச் சட்டத்தில் திருத்தம் வந்தாயிற்று. ஆனால் சம்மன் கைக்கு வரும்போது அதில் இருக்கும் சொல் படிப்பவருக்குப் புரிவதில்லை. "பிராது", "எதிருரை", "ஒருதலைப்பட்சத் தீர்ப்பு" என்று அச்சுத் தமிழில் எழுதினாலும் புரியாது. எதிர்த்தரப்பு வராததால் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தரும் தீர்ப்புக்கு ஜனங்கள் வாயில் இருப்பது "எக்ஸ்பார்ட்டி". இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்: "ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, அதாவது எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது என்று சொல்வார்களே, அது."

இங்கேயும் கெடு இருக்கிறது. சிவில் சம்மன் வந்தால் 30 நாளுக்குள் எதிருரை, அதாவது எழுத்தில் பதில், போட வேண்டும், நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டிக்கலாம். வணிக வழக்கு என்றால் 120 நாளோடு கதவு சாத்தப்படும். எக்ஸ்பார்ட்டி டிகிரி (தீர்ப்பாணை) ஆனால் அதை ரத்து செய்யச் சொல்லும் மனு 30 நாளுக்குள். சம்மனே முறையாகச் சேரவில்லை என்றால், டிகிரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள். சம்மனைக் கையில் வாங்கவில்லை என்றால் கோர்ட் அமீனா கதவில் ஒட்டிவிட்டுப் போவார். கிழித்துப் போட்டால் கேஸ் போய்விடாது.

எழும்பூர்_பெயில் | செவ்வாய், இரவு 8.35

கிரிமினல் பக்கம் எழுதறவங்களுக்கு. 2024 ஜூலை 1-க்கு முன்னாடி எழுதின குறிப்பை அப்படியே விட்டு வெச்சிருந்தா அது பொறி. இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) வந்தாச்சு, மொத்தம் 358 பிரிவுதான். அதுல 420-னு ஒரு பிரிவே கிடையாது. ஏமாத்தினவனை "ஃபோர் ட்வென்டி"ன்னு திட்டறது ஜனங்க வாயில இன்னும் நூறு வருஷம் இருக்கும், ஆனா எஃப்.ஐ.ஆர்.ல இப்போ 318(4).

மோசமான குழப்பம் 482. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 482-னா எஃப்.ஐ.ஆரை ரத்து பண்ண ஹைகோர்ட் போறது. அதோட இடத்துல வந்த புது பி.என்.எஸ்.எஸ்.ல 482-னா முன்ஜாமீன். ரத்து பண்ற அதிகாரம் 528-க்குப் போயிடுச்சு. "482 மனு போடலாம்"னு வருஷம் சொல்லாம எழுதியிருந்தா படிக்கறவர் எதைப் போடுவார்? ஜீவனாம்சம் 125 இப்போ 144. எஃப்.ஐ.ஆர். 154 இப்போ 173.

எந்தச் சட்டம்கிறதுக்குக் குற்றம் நடந்த தேதியைப் பாருங்க. 2024 ஜூன்ல நடந்த மோசடிக்கு 2025-ல புகார் கொடுத்தாலும் குற்றப் பிரிவு பழைய 420-தான். ஒவ்வொரு குறிப்பு தலைப்புலயும் "இன்ன தேதி வரைக்கும் சரிபார்த்தது"ன்னு ஒரு வரி கட்டாயம். தேதி இல்லாத சட்டக் குறிப்பு, எக்ஸ்பயரி டேட் கிழிஞ்ச மாத்திரை அட்டை மாதிரி.

ஃபேமிலிகோர்ட்_மாடி | செவ்வாய், இரவு 9.20

ரகசியம் பற்றி யாரும் பேசவில்லை. கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132-ஆவது பிரிவு. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை முடிவதில்லை. "பெயரை மாற்றிவிட்டேன்" என்பது போதாது. "மயிலாப்பூர் மாட வீதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர், மூத்த மகன் அமெரிக்காவில்" என்று எழுதினால் அந்தத் தெருவில் யாருக்குத் தெரியாது? ஊர், தொழில், பிள்ளைகள் எண்ணிக்கை, பிரிந்த வருடம் இந்த நான்கையும் மாற்ற வேண்டும். அல்லது உதாரணத்தையே கற்பனையாக வைத்துக்கொண்டு கற்பனை என்று சொல்லிவிட வேண்டும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டினால் பி.என்.எஸ். 72, குழந்தை என்றால் போக்சோ 23. பள்ளிப் பெயரைச் சொல்வதும் அடையாளம் காட்டுவதுதான்.

ஒரிஜினல்_சைட் | செவ்வாய், இரவு 10.05

தீர்ப்பை எடுத்துப் போடுவது பற்றி. நீதிமன்றம் தடுக்காதவரை தீர்ப்பை வெளியிடுவது காப்புரிமை மீறல் இல்லை, 1957 சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் தனியார் தீர்ப்புத் திரட்டுகளில் மேலே இருக்கும் தலைக்குறிப்பு, அதாவது தீர்ப்பின் சுருக்கம், அந்தப் பதிப்பாசிரியர் உழைப்பு. அதை மொழிபெயர்த்துப் போட்டால் வம்பு. தலைக்குறிப்பை மட்டும் படித்து எழுதினால் வேறு வம்பு: நீதிபதி போகிற போக்கில் சொன்னதைத் தீர்ப்பின் முடிவு என்று எழுதிவிடுவோம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு எழுதுகிறவர்கள் ஒவ்வொரு தீர்ப்பையும் நீதிமன்றத்தின் சொந்தத் தளத்தில் திறந்து பார்க்காமல் போடக் கூடாது. இல்லாத வழக்குக்கு அழகான பெயரும் எண்ணும் வைத்துத் தரும் அது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இப்போது வருடம், எம்.எச்.சி., எண் என்ற வரிசையில் நடுநிலை மேற்கோள், அதாவது நீதிமன்றமே தரும் தீர்ப்பு எண், இருக்கிறது. அதைக் கொடுத்தால் படிப்பவரே தேடிப் பார்த்துக்கொள்வார்.

எழும்பூர்_பெயில் | புதன், காலை 7.40

கடைசியா ஒண்ணு. எழுத ஆரம்பிச்ச மறுவாரமே "ஐயா எங்கப்பா சொத்துல..."ன்னு நீளமா கேள்வி வரும். பத்திரம் பார்க்காம ஒரு வரியில பதில் சொல்லாதீங்க. இலவச சட்ட உதவியைக் காட்டுங்க. 1987 சட்டப்பணி ஆணைக்குழுச் சட்டம் 12-ஆவது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவல்ல இருக்கறவங்க இவங்களுக்கெல்லாம் வருமானமே பார்க்கறதில்லை. நம்பர் 15100. மாநில சட்டப்பணி ஆணைக்குழு ஹைகோர்ட் வளாகத்துலயே இருக்கு. பெண்கள்னா வசதியா இருந்தாலும் தகுதி உண்டுங்கிறது நிறைய வக்கீலுக்கே தெரியாது.

தம்புசெட்டி_ஜூனியர் | புதன், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. கெடுவை முதல் வரியில வெச்சு ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தேன். ஆரம்பம் மட்டும் போடறேன், பார்த்துச் சொல்லுங்க:

"செக் திரும்பிவிட்டதா? பேங்க் மெமோவின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் நோட்டீஸ் அனுப்புங்கள். இது தவறினால் மன்னிப்பு இல்லை. நோட்டீஸில் செக் தொகையைத் தனி வரியில் எழுதுங்கள்..."

சைதை_வாய்தா | புதன், இரவு 9.52

நடை நல்லா இருக்கு தம்பி. ஆனா கெடு சொல்ற வாக்கியத்துலயே ரெண்டு தப்பு.

மெமோல அச்சாகியிருக்கிற தேதி இல்லை, தகவல் கைக்குக் கிடைச்ச தேதி. அது படிக்கறவருக்குச் சாதகமான தப்பு, சீக்கிரமா அனுப்பிடுவார், போகட்டும். இன்னொண்ணு பாதகம். சட்டத்துல நோட்டீஸுக்கு "30 நாள்", புகாருக்குத்தான் "ஒரு மாதம்". மார்ச் 5 கிடைச்சதுன்னு வெச்சுக்குங்க. உங்க குறிப்பைப் படிச்சவர் ஏப்ரல் 5 சாயங்காலம் பாரிமுனை போஸ்ட் ஆபீஸ்ல நிம்மதியா நோட்டீஸைப் போட்டுட்டு வீட்டுக்குப் போவார். அன்னிக்கு 31-ஆவது நாள்.

தம்புசெட்டி_ஜூனியர் | புதன், இரவு 9.58

மாத்திட்டேன் அண்ணா. "தகவல் கிடைத்த நாளை விட்டுவிட்டு 30 நாள் எண்ணுங்கள், மாதம் கணக்கில்லை"ன்னு போட்டு, கீழே மார்ச் 5, ஏப்ரல் 4 உதாரணமும் சேர்த்துட்டேன்.